பழைய லாரிக்கு ஆக்சில் வேலை: சாமான் பார்த்து வாங்குவதற்கு முழுமையான வழிகாட்டி

செங்கோட்டை தாண்டி புளியரைக்குப் போகிற வழியில் இருக்கிறது எங்கள் பட்டறை. ஆக்சில் வேலைக்கு வரும் வண்டிகளில் எனக்கு மனசு கஷ்டமாக இருப்பது, ஆறு மாசத்துக்குள் அதே வேலைக்கு இரண்டாவது தடவை வருபவைதான். பிரித்துப் பார்த்தால் மெக்கானிக்கின் கைவேலை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சாமான் வாங்கிய வரிசைதான் தப்பாக இருக்கும். முதலில் கடைக்குப் போய் பெட்டி பெட்டியாக வாங்கி வந்து, பிறகு வண்டியை ஜாக்கியில் ஏற்றியிருப்பார்கள். பிரித்து, கழுவி, அளந்து, அதற்குப் பிறகு வாங்க வேண்டும். கீழே உள்ள எல்லாமே இந்த வரிசையில்தான் போகிறது.

இது பழைய டாடா, லேலண்டு லாரிகளுக்கு எழுதியது: முன்னால் ஐ-பீம் ஆக்சிலும் கிங் பின்னும் (முன் சக்கரம் திரும்பும் அச்சாணி), பின்னால் ஹவுசிங்குக்குள் (பின் ஆக்சிலின் இரும்பு உறை) ஒரே கிரவுன் பினியனும் (சுழற்சியைச் சக்கரத்துக்குத் திருப்பிவிடும் பல் சக்கர ஜோடி), வெளியே உருவக்கூடிய ஆக்சில் ஷாப்ட்டும் உள்ள வண்டிகள்.

1. பிரிப்பதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

வெர்னியர், ஃபீலர் கேஜ், காந்த அடியுள்ள டயல் கேஜ், டார்க் ரெஞ்ச், ஒரு ஸ்பிரிங் தராசு, டீசல் தட்டு, நோட்டு, பேனா. ஆக்சிலுக்கு அடியில் கொடுக்க உறுதியான ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கீழே போகக் கூடாது.

சேசிஸ் நம்பரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை மட்டும் கடையில் சொல்லி வாங்காதீர்கள். இருபது வருஷ வண்டியில் இடையில் யாரோ வேறு ஹவுசிங் மாட்டியிருக்கலாம். ஹவுசிங்கில் உள்ள தகட்டையும் வார்ப்பில் உள்ள எண்ணையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் படம் எடுங்கள். தகடு போய்விட்டதென்றால் கிரவுன் பினியனின் பல்லை எண்ணித்தான் பல் விகிதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2. கழுவுவதற்கு முன் ஆயிலைப் பாருங்கள்

டிரெயின் பிளக்கைக் கழற்றி, ஆயிலைச் சுத்தமான தட்டில் பிடியுங்கள். புதிதாக வருபவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். நேரே பழைய டின்னில் ஊற்றிவிட்டு, ஹவுசிங்கை டீசல் அடித்துக் கழுவி முடித்துவிட்டுத்தான் காரணம் தேடுவார்கள்.

ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. சாரல் காலத்தில் நம் பக்கத்து வண்டிகளில் இது சகஜம். வெள்ளிப் பொடி மாதிரி மினுங்கினால் பேரிங்கோ பல்லோ உதிர்கிறது. கையில் எடுக்கக்கூடிய துண்டு வந்தால், அந்தத் துண்டு எங்கிருந்து உடைந்தது என்று பொருத்திப் பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது.

கூடவே ஹவுசிங் மேலே இருக்கும் பிரீதரை (உள்காற்று வெளியேறும் சிறு துளையுள்ள மூடி) கழற்றி ஊதிப் பாருங்கள். மலை ஏறும்போது ஹவுசிங் சூடாகி உள்ளே காற்று விரியும். பிரீதர் மண் அடைத்திருந்தால் அந்த அழுத்தம் ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். ஆயில் டிரம்முக்குள் போய் பிரேக் லைனர் நனையும். மூன்று தடவை சீல் மாற்றியும் ஒழுகுகிறது என்று வந்த ஒரு வண்டிக்கு நான் செய்த வேலை, பிரீதரை டீசலில் ஊறவைத்துக் கழுவியது மட்டும்தான்.

பிரிக்கும்போது பேரிங் மூடி இரண்டுக்கும், டிஃபரன்ஷியல் கூட்டின் இரண்டு பாதிக்கும் சென்டர் பஞ்ச் வைத்து அடையாளம் குத்துங்கள். இடது மூடி வலதுக்குப் போனால் பேரிங் வட்டமாக உட்காராது. மூடியும் உடலும் சேர்த்துக் கடையப்பட்டவை.

3. சாமான் உட்காரும் இடத்தை அளக்காமல் சாமான் வாங்காதீர்கள்

போன வருஷம் பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர், சொந்தமாக ஒரே வண்டி வைத்து ஓட்டுபவர், மஞ்சள் பையில் கிங் பின் செட்டோடு வந்தார். நல்ல ஒரிஜினல் செட். "அண்ணே, சாமான் எல்லாம் வாங்கியாச்சு, மாட்டிக் குடுத்தா போதும்" என்றார். பழைய பின்னை அடித்து வெளியே எடுத்துவிட்டு, ஆக்சில் பீமின் கண்ணுக்குள் (பின் நுழையும் துளை) புதுப் பின்னைக் கையால் விட்டேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. விரலால் அசைத்தால் 'டொக் டொக்' என்று தட்டியது. வெர்னியரை வைத்தால் கண் முன்பின்னாக ஒரு அளவு, பக்கவாட்டில் வேறு அளவு, முட்டை வடிவம். பின் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தக் கண்ணில் ஒரு மாசம் தாங்காது. கடைசியில் பீமை இறக்கி லேத்துக்கு அனுப்பி, கண்ணைக் கடைந்து ஸ்லீவ் போட்டு, அந்த ஸ்லீவை வாங்கி வைத்திருந்த பின்னுக்கே அளவு செய்தோம். அவருக்கு நாலு நாள் ஓட்டம் போனது. கண்ணை முதலில் அளந்திருந்தால், லேத்து வேலை நடக்கும் நேரத்தில் சாமான் வாங்கியிருக்கலாம்.

இதே மாதிரி அளக்க வேண்டிய இடங்கள்: ஹப்புக்குள் பேரிங் கப் (பேரிங்கின் வெளி வளையம்) உட்காரும் துளை, ஸ்பிண்டிலில் (ஹப் சுற்றும் தண்டு) பேரிங் கோன் (உருளைகளோடு உள்ள உள் வளையம்) உட்காரும் இடம், சீல் உதடு உரசும் இடம், ஹவுசிங்கில் பினியன் பேரிங் கப் உட்காரும் இடம்.

கப் கையாலேயே உள்ளே போனால் அந்த ஹப் தேய்ந்துவிட்டது. அங்கே சென்டர் பஞ்சால் சுற்றிலும் புள்ளி குத்தி இறுக்குவது நம் ஊரில் பழக்கம். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் புள்ளிகளின் முனை மட்டும்தான் கப்பைத் தொடும். லோடு ஏறியதும் முனைகள் நசுங்கி, கப் மறுபடி சுற்ற ஆரம்பிக்கும். ஒன்று, ஸ்லீவ் போடுங்கள். இல்லாவிட்டால் நல்ல நிலையில் உள்ள வேறு ஹப் வாங்குங்கள்.

4. எதில் காசு போடுவது, எதில் மிச்சம் பிடிப்பது

எல்லாச் சாமானும் கம்பெனிப் பெட்டியில் வாங்க எல்லோருக்கும் கட்டாது. அதனால் நான் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: ஆரியங்காவு தாண்டி தென்மலைக்கு இறங்கும்போது இந்தச் சாமான் உடைந்தால் டிரைவரால் வண்டியை நிறுத்த முடியுமா?

முடியாது, அல்லது சந்தேகம் என்றால் ஒரிஜினல்தான். கிங் பின், டை ராடு, டிராக் லிங்க் பால் ஜாயிண்ட், ஆக்சில் ஷாப்ட், கிரவுன் பினியன், கிரவுன் போல்ட் எல்லாம் இதில் வரும். டாடா வண்டிக்கு டாடா ஜெனுயின் பார்ட்ஸ், லேலண்டு வண்டிக்கு லேபார்ட்ஸ்.

பேரிங், சீல் இரண்டையும் அவற்றைச் செய்யும் நல்ல கம்பெனிகளின் சொந்தப் பெட்டியிலேயே வாங்கலாம். லாரிக் கம்பெனி தானே பேரிங் செய்வதில்லை. டிம்கன், எஸ்கேஎஃப், என்பிசி போன்றவர்கள் செய்ததை வாங்கித்தான் மாட்டுகிறது. எண்ணும் வகையும் ஒத்துப்போனால் போதும்.

பழையது வாங்கலாம் என்று நான் சொல்வது ஹவுசிங் உடல், ஹப், வளையாத முன் பீம், டிஃபரன்ஷியல் கூடு ஆகியவை. காயலான் கடையில் வாங்கினாலும் நன்றாகக் கழுவி, விரிசல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சோதிக்கச் சுலபமான வழி: டீசல் தடவித் துடைத்து, மேலே சுண்ணாம்புப் பொடி தூவிச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். விரிசலில் நின்ற டீசல் கோடாக ஊறி வரும். முன் பீமை கேஸ் வைத்துச் சூடாக்கி நிமிர்த்தியிருந்தால் அந்த இடத்தில் நிறம் மாறியிருக்கும். அதைத் தொடவே வேண்டாம், பதம் போன பீம் அது.

பழைய பேரிங், பழைய பால் ஜாயிண்ட், பழைய லாக் வாஷர், பழைய ஸ்பிளிட் பின் என்று எதுவும் வாங்கவோ திரும்ப மாட்டவோ கூடாது.

5. கிரவுன் பினியன்

கிரவுனும் பினியனும் ஒன்றோடு ஒன்று உரச வைத்து ஜோடி சேர்க்கப்பட்டவை. இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறித்திருக்கும். பினியனில் முனையிலும் கிரவுனில் விளிம்பிலும் தேடுங்கள். பெட்டி ஒன்றாக இருந்தாலும் எண் வேறாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "பினியன் மட்டும்தானே போச்சு" என்று தனியாக மாற்றினால், புதுப் பல் பழைய தேய்மானத்தில் உட்காராமல் ஊளையிடும், பிறகு இரண்டும் போகும்.

பல்லை எண்ணுங்கள். கிரவுனில் 41, பினியனில் 6 என்றால் விகிதம் 6.83. 41-க்கு 7 என்றால் 5.86. சமதளத்தில் வேகம் கிடைக்கும் என்று 6.83 வண்டிக்கு 5.86 மாட்டச் சொல்லி வருபவர்கள் உண்டு. அப்படி மாற்றினால் ஒவ்வொரு கியரிலும் சக்கரத்துக்குப் போகும் இழுவை சுமார் 14 சதவீதம் குறையும். புளியரை எஸ் வளைவில் லோடோடு நின்று எடுக்கும்போது அந்த 14 சதவீதத்தை கிளட்ச்தான் தேய்ந்து கொடுக்கும். மலை ஓட்டம் ஓட்டுபவர்கள் வண்டியில் வந்த விகிதத்தை மாற்ற வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

விகிதம் ஒன்றாக இருந்தாலும் ஹவுசிங் மாடல் வேறாக இருந்தால் பொருந்தாது. பினியன் ஸ்பிளைன் (தண்டின் மேல் நீளவாக்கில் வெட்டிய பற்கள்) எண்ணிக்கை, பினியன் பேரிங் அளவு, கிரவுன் போல்ட் துளை எண்ணிக்கை மூன்றையும் பழையதோடு ஒப்பிடுங்கள்.

தரத்தைக் கண்ணால் எவ்வளவு பார்க்க முடியும்? பல்லின் முகம் முழுக்க ஒரே மாதிரி சாம்பல் நிறமாக இருக்க வேண்டும். பல் விளிம்பில் நகத்தை இழுத்தால் பிசிறு தட்டக் கூடாது. துருப்பிடித்து மணல் தாள் போட்டுத் தேய்த்த அடையாளம் இருந்தால் வேண்டாம். ஆனால் முக்கியமான விஷயம் கண்ணுக்குத் தெரியாது. பல்லின் மேல்தோல் மட்டும் கடினமாகவும் உள்ளே இரும்பு வளைந்து கொடுப்பதாகவும் பதம் போட்டிருக்க வேண்டும். தோல் மென்மையாக இருந்தால் குழி விழும். உள்ளே வரைக்கும் கடினமாக இருந்தால் பல் உதிரும். லோக்கல் செட்டில் பதம் எப்படி என்று மாட்டிய பிறகுதான் தெரியும். அதனால்தான் இதில் மட்டும் நான் யாரோடும் பேரம் பேசுவதில்லை.

மாட்டும்போது பழைய பினியன் ஷிம்மை (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடு) ஆரம்ப அளவாக வைத்துக்கொள்ளுங்கள். பினியன் பேரிங்கின் இறுக்கத்தை ஃபிளாஞ்சில் கயிறு சுற்றி ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பாருங்கள். கையால் சுற்றிப் பார்த்து 'சரிதான்' என்பது ஆளுக்கு ஆள் மாறும். பல் இடைவெளியை டயல் கேஜ் வைத்து கிரவுனைச் சுற்றி நாலு இடத்தில் பாருங்கள். லாரி ஹவுசிங்குகளில் பொதுவாக 0.20 முதல் 0.30 மி.மீ. வாக்கில் இருக்கும், உங்கள் மாடலின் மேனுவல் சொல்லும் எண்ணே கணக்கு. நாலு இடத்திலும் அளவு தாறுமாறாக இருந்தால் கிரவுனுக்கு அடியில் அழுக்கோ பிசிறோ சிக்கியிருக்கிறது. கடைசியாகப் பல்லில் ப்ளூ (தடம் பார்க்கும் நீல மசி) தடவிச் சுற்றி, தடம் பல்லின் நடுப்பகுதியில் விழுகிறதா பாருங்கள். நுனியிலோ அடியிலோ விழுந்தால் ஷிம் மாற்றாமல் மூடாதீர்கள்.

6. பேரிங்

கோனும் கப்பும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழைய கப்பில் பழைய உருளைகள் போட்ட தடம் இருக்கும். புது உருளை அந்தத் தடத்தின் விளிம்பில் ஏறி உட்காரும்.

எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மெட்ரிக் அளவு டேப்பர் பேரிங்கில் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்துளை மில்லிமீட்டரில் கிடைக்கும். 32310 என்றால் 50 மி.மீ. அங்குல அளவு பேரிங்கில் கோனுக்கு ஒரு எண், கப்புக்கு வேறு எண். இரண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

போலி அதிகம் வருவது பேரிங்கில்தான். என் சொந்த வண்டிக்கே ஏமாந்திருக்கிறேன். தெரிந்த கம்பெனிப் பெட்டி, மேலே பிளாஸ்டிக் உறை, நூல் பிடித்த மாதிரி அச்சு. பெட்டியைப் பார்த்தேனே தவிர பேரிங்கைப் பார்க்கவில்லை. மூன்றாவது நடையில் தென்மலைக்குக் கொஞ்சம் முன்னால் ஹப்பிலிருந்து கிரீஸ் கருகிய வாசனை வந்தது. கழற்றி பெட்ரோல் துணியால் துடைத்தபோது கோனின் பக்கத்தில் இருந்த எழுத்துகள் துணியோடு வந்துவிட்டன. வெறும் மை. அன்றிலிருந்து கடை மேசையிலேயே துணியில் தின்னர் தொட்டு எழுத்தைத் துடைத்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன். லேசரில் பொறித்த எழுத்து போகாது. எஸ்கேஎஃப், ஷேஃப்லர் இரண்டும் போலியைக் கண்டுபிடிக்கச் செல்போன் செயலி வைத்திருக்கின்றன, அதையும் பயன்படுத்துங்கள்.

கோனைச் சூடாக்கித்தான் ஏற்ற வேண்டுமென்றால் ஆயில் தட்டில் வைத்து 110 டிகிரிக்குள் நிறுத்துங்கள். கேஸ் நெருப்பை நேரே காட்டினால் பதம் போகும். கப்பைப் பித்தளைத் தண்டால் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். அடியில் போய் உட்கார்ந்ததும் சத்தம் கனமாக மாறும். அந்தச் சத்தம் வராமல் நிறுத்தினால், ஓட்டத்தில் கப் தானாக இறங்கி ஹப் ஆட்டம் கொடுக்கும்.

7. ஆக்சில் ஷாப்ட்

இந்த லாரிகளில் பாரத்தைத் தாங்குவது ஹவுசிங். ஷாப்ட் சக்கரத்தைச் சுற்ற மட்டும்தான். அதனால் ஷாப்ட் உடைந்தால் சக்கரம் கழன்று விழாது. ஆனால் இறக்கத்தில் கியரில் விட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டிருந்த வண்டி, அந்த நொடியில் பிடிப்பு இல்லாமல் போகும். ஏற்கெனவே சூடேறிய பிரேக் ஒன்றுதான் மிச்சம். "உடைஞ்சா உருவிட்டு வேற போட்டுக்கலாம்" என்று இதில் மலிவு பார்க்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பழைய ஷாப்ட்டின் நீளம், ஸ்பிளைன் எண்ணிக்கை, ஸ்பிளைன் வெளி விட்டம், ஃபிளாஞ்ச் துளை எண்ணிக்கை நான்கையும் அளந்து எழுதுங்கள். இடது, வலது தனித்தனியாக அளக்க வேண்டும், ஏனென்றால் நீளம் மாறும் வண்டிகள் உண்டு.

மிஞ்சியிருக்கும் மற்ற ஷாப்ட்டின் ஸ்பிளைன் மேல் நீளவாக்கில் ஒரு இரும்பு ஸ்கேலை வையுங்கள். பள்ளங்கள் ஸ்கேலை விட்டுச் சாய்ந்து போனால் ஷாப்ட் முறுக்கிவிட்டது. உடையாவிட்டாலும் அதை மாற்றுங்கள். வெல்டிங் வைத்துக் கடைந்து பெயிண்ட் அடித்த ஷாப்ட்டும் சந்தைக்கு வருகிறது. ஃபிளாஞ்ச் ஓரத்தில் பெயிண்ட்டைச் சுரண்டிப் பாருங்கள். கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டினால் நல்லது நீளமாக ஒலிக்கும், விரிசல் விட்டது மொத்தையாக ஒலிக்கும்.

ஃபிளாஞ்ச் ஸ்டடும் கூம்பு வளையமும் சேர்த்தே மாற்றுங்கள். வளையம் தளர்ந்தால் ஃபிளாஞ்ச் ஆடி, ஸ்டடு ஒவ்வொன்றாக வெட்டும்.

8. கிங் பின் செட்

செட்டில் பின், புஷ், திரஸ்ட் பேரிங், ஷிம், பூட்டுப் பின், மூடி, கிரீஸ் நிப்பிள் எல்லாம் இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று வேறு உறையில் இருந்தால் செட்டைக் கலந்திருக்கிறார்கள்.

பின்னின் மேல் நயமான அரத்தை ஓரத்தில் லேசாக ஓட்டினால் வழுக்க வேண்டும், கடித்தால் பதமில்லை. புஷ்ஷின் கிரீஸ் துளை நிப்பிள் துளைக்கு நேரே வருகிறதா என்று அழுத்தி ஏற்றும் முன்பே பாருங்கள். கால் அங்குலம் திரும்பிவிட்டால் எவ்வளவு பம்பு அடித்தாலும் கிரீஸ் பின்னுக்குப் போகாது. வாரம் தவறாமல் கிரீஸ் அடித்தும் பின் போனது என்று வருபவர்களிடம் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

புஷ் ஏற்றிய பிறகு ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) போட்டே ஆக வேண்டும். மேல் புஷ்ஷும் கீழ் புஷ்ஷும் ஒரே நேர்கோட்டில் வர, நீளமான வழிகாட்டி உள்ள ரீமரையே பயன்படுத்துங்கள். திரஸ்ட் பேரிங் பீமுக்குக் கீழே, ஷிம் பீமுக்கு மேலே. மாற்றிப் போட்டால் முன் பாரம் முழுக்க ஷிம் மேல் உட்கார்ந்து ஸ்டியரிங் கல்லாகிவிடும்.

9. சீல், போல்ட், ஆயில்

சீலில் உள்ள மூன்று எண் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். உதடு மெத்தென்று இருக்க வேண்டும். பல நாள் கடையில் கிடந்து விறைத்தது வேண்டாம். ஸ்பிண்டிலில் நகம் தட்டும் பள்ளம் இருந்தால் புது சீலும் ஒழுகும், அங்கே வளையம் மாற்றுங்கள்.

போல்ட் தலையில் 10.9, 12.9 என்று எண் இருக்கும். எடுத்ததற்கு என்ன எண்ணோ அதே எண் போட வேண்டும். ஒன்றிரண்டு மட்டும் 8.8 கலந்தால் மொத்த பாரமும் மற்றவற்றின் மேல் போகும்.

ஹவுசிங்குக்கு ஜிஎல்-5 தரம், மேனுவல் சொல்லும் தடிமனில், 85டபிள்யூ-140 அல்லது ஈபி 90. மிஞ்சிய ஜிஎல்-5 ஆயிலை கியர் பாக்ஸில் ஊற்றாதீர்கள். அதிலுள்ள கந்தகக் கலவை பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். ஹப்புக்கு ஏபி 3 லித்தியம் கிரீஸ். பழைய கிரீஸோடு கலக்காமல் முழுக்கத் துடைத்துவிட்டு, உருளைகளுக்கு இடையில் உள்ளங்கையால் அழுத்தி ஏற்றுங்கள்.

10. கடை மேசையில்

பழைய சாமானைக் கழுவிக் கையோடு கொண்டுபோங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி, ஒரே பில்லில் பார்ட் எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். "அண்ணாச்சி, பிரிச்சுப் பார்த்துட்டு வாங்கிக்கிடுதேன், பொருந்தலைன்னா பெட்டி கசங்காமத் திருப்பித் தாரேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நேர்மையான கடைக்காரர் மறுக்க மாட்டார். பில் வேண்டாமென்றால் விலை குறைக்கிறேன் என்பவரிடம் ஆக்சில் சாமான் வாங்காதீர்கள், திருப்ப வழியிருக்காது.

11. மாட்டி முடித்த பிறகு

ஹப் நட்டை இறுக்கும்போது ஹப்பைச் சுற்றிக்கொண்டே இறுக்குங்கள், அப்போதுதான் உருளைகள் நேராக உட்காரும். பிறகு தளர்த்தி, டயல் கேஜில் 0.03 முதல் 0.13 மி.மீ. ஆட்டம் வரும்படி வைத்துப் பூட்டுங்கள். பழைய வண்டிகளில் இடப்பக்கம் இடமரையாக இருக்கலாம், திருப்பும் திசையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் ஓட்டம் வெறும் வண்டியாகத் தென்காசி வரை. நிறுத்தியதும் நாலு ஹப்பிலும் புறங்கையை வையுங்கள். ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அது இறுக்கம் அதிகம், அல்லது அந்தப் பக்க பிரேக் பிடிக்கிறது. சரியாக இருந்தால் பாதி லோடில் ஆரியங்காவு ஏறி இறங்குங்கள். நூறு கிலோமீட்டருக்குள் வீல் நட், யூ போல்ட், ஃபிளாஞ்ச் நட் மூன்றையும் மறுபடி இறுக்க வேண்டும்.

புது கிரவுன் போட்டிருந்தால் ஆயிரம் கிலோமீட்டரில் முதல் ஆயிலை வடித்துவிடுங்கள். பிளக் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மாதிரி ஒட்டியிருந்தால் பல் பழகிய தூள், துடைத்துவிட்டு மூடலாம். இரண்டு நகத்துக்கு நடுவில் பிடிக்கிற அளவுக்குச் செதில் இருந்தால் அன்றைக்கு லோடு ஏற்றாமல் ஹவுசிங்கை மறுபடி திறந்து பாருங்கள்.